அழுத்தியும் அசையாத விசைகள்

 

நம் இல்லங்களில் வானொலி வீற்றிருந்த இடத்தைத் தொலைக்காட்சி பிடித்தது. இன்று அவ்விடத்தைக் கணினியும் கைபேசியும் பங்கிட்டுக் கொண்டுள்ளன. குர்ஆன் ஓதும் முறை, ஆங்கில இலக்கணம், தையற்கலை, சமையல், அரசுத் தேர்வுக்கான பாடம் ஆகிய அனைத்தும் இப்போது இணையத்தில் காணொலிகளாகக் கிடைக்கின்றன. 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு நாள்களில் மதரஸாக்களும் பள்ளிக்கூடங்களும் கதவடைத்தபோது, பிள்ளைகளின் பாடம் அறவே நின்றுவிடாமல் காத்தவற்றுள் இக்காணொலிகளும் அடங்கும்.

இவற்றால் விளையும் நன்மை தீமைகளைப் பற்றி அறிஞர்கள் பலர் எழுதிவிட்டனர். யான் இங்கு எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய செய்தி. காணொலி ஓடிக்கொண்டிருக்கையில் விசைப்பலகையில் உள்ள விசையை அழுத்துகிறோம். அது நிற்க மறுக்கிறது. அல்லது நாம் நினையாத வேறொன்றைச் செய்கிறது. நேற்றுவரை சொல் கேட்ட விசை, இன்று கேளாதிருப்பது ஏன்? இந்த வினாவுக்கு விடை தேட வேண்டிய தேவை எனக்கு நேர்ந்தது. பொறியியல் பயின்றவனல்லன் யான். வரலாற்றுப் பாடத்தில் கலைப் பட்டம் பெற்று, பின் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் பணிக்கு வந்தவன். ஆயினும், தேடித் தெரிந்துகொண்டவற்றை என் போன்ற எளிய மக்களுக்குப் பயன்படும் வண்ணம் எடுத்துரைக்கலாம் என்று கருதுகிறேன்.

விரைவு விசைகள்

காணொலியை நிறுத்தவும் ஓட்டவும் சுட்டெலியைத் தேடி அலைய வேண்டியதில்லை. விசைப்பலகையிலேயே அதற்கு வழி உண்டு. யூடியூப் தளத்தில் 'கே' விசை காணொலியை நிறுத்தும். மீண்டும் அழுத்தினால் ஓட்டும். 'ஜே' விசை 10 விநாடி பின்னே கொண்டு செல்லும். 'எல்' விசை 10 விநாடி முன்னே கொண்டு செல்லும். இட வல அம்புக்குறிகள் 5 விநாடி நகர்த்தும். 'எம்' ஒலியை அடக்கும், 'எஃப்' முழுத்திரையாக்கும், 'சி' எழுத்துரையைக் காட்டும். ஷிஃப்ட் விசையுடன் புள்ளி விசையைச் சேர்த்து அழுத்தினால் வேகம் கூடும். காற்புள்ளி விசையைச் சேர்த்தால் குறையும். ஷிஃப்டுடன் வினாக்குறியை அழுத்தினால் இவற்றின் முழுப் பட்டியலே திரையில் தோன்றும்.

இவை சோம்பேறிகளுக்கான வசதி என்று எண்ணிவிடலாகாது. ஓதுதலைக் கற்பவருக்கு இவற்றின் அருமை தெரியும். எகிப்து நாட்டின் புகழ்பெற்ற காரீ ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி (1917 - 1980) அவர்களின் ஓதுதலை எங்கள் மாணவர்கள் பெரிதும் கேட்பார்கள். நிறுத்தி, தெளிவாக, ஒவ்வோர் எழுத்தும் பிறக்கும் இடம் விளங்க ஓதுபவர் அவர். ஒரே ஆயத்தை இருபது முறை கேட்டால்தான் நாவில் படியும். ஒவ்வொரு முறையும் சுட்டெலியால் அந்த மெல்லிய சிவப்புக் கோட்டில் சரியான இடத்தைப் பிடிப்பது எத்தனை கடினம்! 'ஜே' விசையை ஒருமுறை தட்டினால் வேலை முடிந்தது. வேகத்தைக் குறைத்துக் கேட்பதைவிடப் பின்சென்று திரும்பக் கேட்பதே மேல் என்பது என் அனுபவம். வேகம் குறைந்தால் நீட்டும் அளவைப் பற்றிய கணிப்பு இளம் மாணவருக்குக் குழம்பிவிடுகிறது.

ஒரு மாணவரின் முறையீடு

எங்கள் மதரஸாவில் பார்வையற்ற மாணவர் ஒருவர் ஓதி வருகிறார். வயது பதினேழு. செவியால் கேட்டே குர்ஆனின் பெரும்பகுதியை மனனம் செய்தவர். அவருடைய வீட்டில் உறவினர் ஒருவர் கொடுத்த பழைய மடிக்கணினி உண்டு. அதில் ஓதுதல் காணொலியைப் போட்டுக் கொடுப்பதும், நிறுத்துவதும், பின்னே தள்ளுவதும் அவருடைய அக்காவின் பணியாக இருந்தது. அப்பெண்ணுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஜூன் மாதம் விடுதிக்குப் போக வேண்டும்.

ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் அஸருக்குப் பின் அம்மாணவர் என்னிடம் வந்தார்.

"ஹஜ்ரத்! அக்கா போய்விட்டால் எனக்கு யார் ஓட்டித் தருவார்? நானே பழகிக்கொள்ளலாம் என்று பார்த்தால் விசைகள் என் பேச்சைக் கேட்பதில்லை. 'கே'யை அழுத்தினால் நிற்கும் என்கிறாள் அக்கா. அவள் அழுத்தினால் நிற்கிறது. நான் அழுத்தினால் கணினி வேறு ஏதோ பேசுகிறது."

"கணினி பழுதாக இருக்குமோ?" என்றேன்.

"அத்தாவும் அப்படித்தான் சொல்கிறார்கள். இது கண் உள்ளவர்களுக்கான கருவி, உனக்கு எதற்கு என்று விற்றுவிடப் பார்க்கிறார்கள்."

அந்தத் தந்தை இரக்கமற்றவரல்லர். மகன் நாள்தோறும் முயன்று தோற்பதைக் காணச் சகியாமல் சொன்ன சொல் அது. ஆனால், இரண்டு மாதத்திற்குள் வழி பிறக்காவிட்டால் அம்மாணவர் பாடத்துக்கும் பிறர் கையையே எதிர்பார்க்க வேண்டிய நிலை வந்துவிடும். ஒரே விசை, ஒரே கணினி, அக்காவுக்குப் பணிகிறது, தம்பிக்குப் பணியவில்லை. இதன் காரணத்தை அறியப் புகுந்தபோதுதான், இத்தொல்லை அவருக்கு மட்டும் உரியதன்று என்பதும், நம் வீடுகள் பலவற்றில் வேறு வேறு உருவில் நிகழ்வது என்பதும் விளங்கிற்று.

யாரை நோக்கிப் பேசுகிறோம்?

வகுப்பறையில் நாற்பது மாணவர் இருக்கின்றனர். ஆசிரியர், "ஓது" என்கிறார். யார் ஓதுவார்? ஆசிரியரின் பார்வை யார்மேல் நிற்கிறதோ அவரே ஓதுவார். கணினித் திரையிலும் இதே நியதிதான். திரையில் தேடும் பெட்டி, கருத்து எழுதும் பெட்டி, பொத்தான்கள், ஒலிக்கட்டுப்பாடு, காணொலி எனப் பல உறுப்புகள் இருக்கின்றன. எந்நேரத்திலும் அவற்றுள் ஒன்றின்மேல்தான் கணினியின் கவனம் தங்கியிருக்கும். இதனை 'ஃபோக்கஸ்' என்பர். நாம் அழுத்தும் விசை முதலில் அந்த உறுப்பினிடமே போய்ச் சேரும்.

கருத்துப் பெட்டியில் ஒரு சொல் எழுதிவிட்டு அப்படியே 'கே'யை அழுத்தினால் காணொலி நிற்காது. பெட்டிக்குள் ஓர் எழுத்து விழும். ஒலிக்கட்டுப்பாட்டின் மீது கவனம் இருக்கையில் வல அம்புக்குறியை அழுத்தினால் காணொலி முன்னே போகாது, ஓசை கூடும். ஏதேனும் ஒரு பொத்தானின்மேல் கவனம் இருக்கையில் நீண்ட இடைவெளி விசையை, அதாவது ஸ்பேஸ் பாரை அழுத்தினால், அந்தப் பொத்தான் இயங்கிவிடும்.

அடுக்களையில் காணொலி பார்த்துச் சமைக்கும் தாய்மார்கள் இதை நன்கு அறிவார்கள். கையில் மாவு, முழங்கையால் ஸ்பேஸ் பாரைத் தட்டுகிறார்கள். காணொலி நிற்பதற்குப் பதிலாகப் பக்கம் முழுவதும் கீழே நழுவி, அளவு சொல்லும் பகுதி கண்ணுக்கு மறைந்துவிடுகிறது! கவனம் காணொலியின்மேல் இல்லாதபோது, பக்கத்தைக் கீழே நகர்த்துவது உலாவியில் ஸ்பேஸ் பாருக்கு உரிய வேலை. அது தன் கடமையைத்தான் செய்கிறது.

மருந்து எளிது. காணொலிப் பரப்பின்மேல் ஒருமுறை சொடுக்கினால் கவனம் அங்கு வந்து சேரும். சொடுக்கியதால் காணொலி நின்றுவிட்டால் இன்னொருமுறை சொடுக்கலாம். சுட்டெலி இல்லாதவர் டேப் விசையை அழுத்தி அழுத்திக் கவனத்தை ஓர் உறுப்பிலிருந்து அடுத்ததற்கு நகர்த்திக் கொண்டுவரலாம். ஷிஃப்டும் டேபும் சேர்ந்தால் பின்னோக்கி வரும். கவனம் முகவரிப் பட்டையில் மாட்டிக்கொண்டிருந்தால் எஃப்6 விசை அதனை மீட்டுப் பக்கத்திற்குள் கொண்டுவரும்.

வீட்டுக்குள் ஒரு வீடு

இன்னொரு வகை உண்டு. செய்தித் தளத்திலோ கல்வி நிறுவனத்தின் பக்கத்திலோ யூடியூப் காணொலி பதிக்கப்பட்டிருக்கும். பார்ப்பதற்கு ஒரே பக்கம்போல் தோன்றினாலும், உண்மையில் அது ஒரு பக்கத்துக்குள் வேறொரு பக்கம். பெரிய வீட்டின் நடுவே தனிக் கதவும் தனிப் பூட்டும் உடைய சிறு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வீட்டில் நின்று அழுத்தும் விசையின் ஓசை சிறு வீட்டுக்குக் கேளாது. சிறு வீட்டுக்குள் அழுத்துவதும் பெரிய வீட்டுக்குக் கேளாது.

இது பிழையாக நேர்ந்ததன்று. பாதுகாப்புக் கருதி வேண்டுமென்றே எழுப்பிய சுவர். ஒரு தளத்தின் பெட்டிக்குள் நீங்கள் தட்டும் கடவுச்சொல்லை அதனைச் சூழ்ந்துள்ள வேற்றுத் தளம் ஒட்டுக்கேட்கலாகாதல்லவா? எனவே, பதிக்கப்பட்ட காணொலிகளில் முதலில் காணொலிக்குள் சொடுக்கி உள்ளே சென்ற பின்னரே விசைகளை அழுத்த வேண்டும். அதற்கு வெளியே எங்கேனும் சொடுக்கிவிட்டால் மறுபடியும் உள்ளே வர வேண்டும்.

மூன்று மொழி, ஒரே பலகை

நம் சமுதாயத்தாருக்கே உரிய இடையூறு ஒன்று உண்டு. நாம் தமிழில் எழுதுகிறோம், அரபியில் ஓதுகிறோம், ஆங்கிலத்தில் அலுவல் பார்க்கிறோம். ஒரே கணினியில் மூன்று மொழிக்குமான விசைப்பலகை அமைப்புகளை வைத்திருக்கிறோம். தமிழில் கடிதம் எழுதிவிட்டு மொழியை மாற்றாமலே காணொலிக்கு வருகிறோம். அப்போது தமிழ்99 அமைப்பில் 'கே' என்று பொறித்த விசை 'ம' என்னும் எழுத்தைத் தரும். அரபி அமைப்பில் அதே விசை 'நூன்' ஆகிவிடும். காணொலித் தளமோ 'கே' எப்போது வரும் என்று காத்திருக்கிறது!

இதில் ஒரு நுட்பம் உண்டு. விசையை அழுத்தியதும் உலாவி தளத்திற்கு இரு செய்திகளைச் சொல்கிறது. பிறந்த எழுத்து எது என்பது ஒன்று. பலகையில் எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்பது மற்றொன்று. இடத்தைப் பார்க்கும் தளங்களில் எந்த மொழியில் இருந்தாலும் விரைவு விசை வேலை செய்யும். எழுத்தைப் பார்க்கும் தளங்களில் ஆங்கில அமைப்பு இருந்தால்தான் வேலை செய்யும். "அந்தத் தளத்தில் நிற்கிறது, இந்தத் தளத்தில் நிற்கவில்லை" என்று பிள்ளைகள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அம்புக்குறி, ஸ்பேஸ் பார் ஆகியவை எழுத்தல்லாதவை. ஆதலால் மொழி மாறினாலும் அவை பெரும்பாலும் மாறுவதில்லை. எழுத்து விசைகள் மட்டும் கேளாமல் அம்புக்குறிகள் கேட்டால், முதலில் ஐயுற வேண்டியது மொழி அமைப்பையே. விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தி மொழியை மாற்றிக்கொள்ளலாம்.

இடையில் நிற்போர்

விசைக்கும் காணொலிக்கும் இடையே வேறு சிலரும் நிற்கக்கூடும். உலாவியில் நாம் சேர்த்துக்கொள்ளும் நீட்சி மென்பொருள்கள் அவற்றுள் முதன்மையானவை. காணொலி வேகத்தை மாற்றுபவை, விசையாலேயே இணையத்தில் உலவச் செய்பவை போன்றவை தங்களுக்கென எழுத்து விசைகளை எடுத்துக்கொள்ளும். விசை முதலில் அவற்றின் கையில் அகப்பட்டால் காணொலியை எட்டாது. இதனைச் சோதிக்க நல்வழி, மறைமுகச் சாளரம் எனப்படும் தனிச் சாளரத்தைத் திறந்து அதே காணொலியை ஓட்டிப் பார்ப்பது. நாம் தனியே அனுமதித்தாலன்றி நீட்சிகள் அதில் இயங்கா. அங்கே விசைகள் ஒழுங்காகக் கேட்டால் குற்றவாளி நீட்சியே. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து எது என்று கண்டுபிடிக்கலாம்.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் அமைப்புகளில், தட்டச்சுத் தொடங்கியதுமே பக்கத்தில் உரையைத் தேடும் தெரிவு ஒன்று உண்டு. யாரேனும் அதனை இயக்கிவிட்டிருந்தால் எழுத்து விசைகள் தேடுதலுக்குப் போய்விடும்.

விண்டோஸில் வலப்புற ஷிஃப்ட் விசையை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் 'வடிகட்டி விசைகள்' என்னும் வசதியை இயக்கட்டுமா என்று கணினி கேட்கும். கை நடுக்கம் உடையோருக்காக ஏற்பட்ட நல்ல வசதி அது. குறுகிய தட்டல்களைப் பொருட்படுத்தாது. வீட்டுக் குழந்தை விளையாட்டாக அதனை இயக்கிவிட்டால், விசைப்பலகையே பழுதாகிவிட்டதென்று நாம் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம்!

நிறுத்துவதற்கும் ஓட்டுவதற்கும் தனி விசை பொறித்த பலகைகளும் உள்ளன. குரோம் உலாவி 2019 மார்ச்சில் வந்த 73ஆம் பதிப்பு முதல் இவ்விசைகளை ஏற்றுக்கொள்கிறது. ஆயினும், வேறொரு தத்தலில் ஒலி ஓடிக்கொண்டிருந்தால் கட்டளை அதற்குப் போய்விடுதல் உண்டு. அதனை மூடிவிட்டால் சரியாகிவிடும்.

திரையைப் படித்துக் காட்டும் துணைவன்

இனி நம் மாணவரின் கதைக்கு வருவோம். அவர் கணினியில் என்விடிஏ என்னும் மென்பொருள் நிறுவப்பட்டிருந்தது. திரையில் உள்ளவற்றைக் குரலில் படித்துக் காட்டுவது அது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் தே என்னும் பார்வையற்ற இளைஞர் இருவர் 2006இல் தொடங்கிய முயற்சி. இன்றளவும் எவரும் கட்டணமின்றிப் பெறலாம். தமிழையும் படிக்கும்.

இம்மென்பொருளுக்கு இரு நிலைகள் உண்டு. ஒன்று உலாவும் நிலை. மற்றொன்று கவன நிலை. உலாவும் நிலையில் எழுத்து விசைகள் அனைத்தும் இம்மென்பொருளுக்கே சொந்தம். 'கே'யை அழுத்தினால் பக்கத்தின் அடுத்த இணைப்புக்குப் போகும். 'எல்' என்றால் அடுத்த பட்டியல். 'எஃப்' என்றால் அடுத்த படிவப் புலம். 'பி' என்றால் அடுத்த பொத்தான். பார்வையற்றவர் ஒரு பக்கத்தைச் சுற்றி வருவதற்கு இவையே கைத்தடி. ஆனால், காணொலித் தளமும் அதே எழுத்துகளைத் தனக்கென வைத்திருக்கிறது. அக்கா அழுத்துகையில் மென்பொருளை அணைத்துவிட்டு அழுத்தினாள், காணொலி நின்றது. தம்பி அழுத்துகையில் மென்பொருள் விழித்திருந்தது. 'கே'யைத் தானே எடுத்துக்கொண்டு அடுத்த இணைப்பின் பெயரைப் படித்தது. "கணினி வேறு ஏதோ பேசுகிறது" என்று அவர் சொன்னதன் பொருள் இதுவே.

வழியும் அம்மென்பொருளிலேயே இருந்தது. 'பி' விசையால் காணொலியின் ஓட்டும் பொத்தானை அடைவது. பின் இன்செர்ட் விசையுடன் ஸ்பேஸ் பாரை அழுத்திக் கவன நிலைக்கு மாறுவது. நிலை மாறியதை ஓர் ஒலி அறிவிக்கும். அதன்பின் 'கே', 'ஜே', 'எல்' யாவும் காணொலிக்கே போய்ச் சேரும். மறுபடியும் அதே இரு விசைகளை அழுத்தினால் உலாவும் நிலை திரும்பும். ஒரே ஒரு விசையை மட்டும் காணொலிக்கு அனுப்ப வேண்டுமாயின், இன்செர்டுடன் எஃப்2வை அழுத்திவிட்டு அவ்விசையை அழுத்தலாம். மென்பொருளின் குரல் ஓதுதலுக்குக் குறுக்கே வந்தால் கண்ட்ரோல் விசை அதனை வாயடக்கும்.

முதல் மாலையிலேயே அவர் தாமே நிறுத்தினார்; தாமே பின்சென்றார். மறுநாள் காலை, "ஹஜ்ரத்! மறுபடியும் கேட்கவில்லை" என்று வந்து நின்றார். விசாரித்தபோது, இரவில் அரபிப் பாடக் குறிப்பு எழுதியதாகச் சொன்னார். மொழி அமைப்பு அரபியிலேயே நின்றுவிட்டிருந்தது! ஒரு பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு. ஒன்றைத் திறந்தும் கதவு அசையாததால் திறவுகோலே தவறென்று எண்ணிவிடுகிறோம். அவருடைய முந்தைய முயற்சிகள் தோற்றதற்கும் இந்த இரட்டைப் பூட்டே காரணமாக இருந்திருக்க வேண்டும்.

எல்லாம் நிறைவேறிவிட்டது என்று சொல்ல இயலாது. ஓதுதல் பாடங்கள் உள்ள தளம் ஒன்றில் காணொலியின் பொத்தான்களை டேப் விசையால் எட்டவே முடியவில்லை. சுட்டெலி பிடிப்பவருக்காக மட்டுமே அமைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு எழுதினோம், இதுவரை மறுமொழி இல்லை. விசைப்பலகையால் மட்டுமே ஒரு பக்கம் முழுவதையும் இயக்க முடிய வேண்டும் என்பது இணையத்திற்கான உலகளாவிய அணுகல் வழிகாட்டு நெறிகளின் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஓர் உறுப்புக்குள் நுழைந்த கவனம் வெளியேற வழியின்றிச் சிறைப்படலாகாது என்பது இன்னொன்று. 2018இல் வெளியான அந்நெறிகளின் 2.1ஆம் பதிப்பு மேலும் ஒன்று சொல்கிறது: ஒற்றை எழுத்து விரைவு விசைகளை வைத்தால், அவற்றை அணைக்கவோ மாற்றவோ வசதி தர வேண்டும், அல்லது அந்த உறுப்பின்மேல் கவனம் இருக்கும்போது மட்டுமே அவை இயங்க வேண்டும். நம்மவர் நடத்தும் இணையதளங்கள் எத்தனை இவ்விதிகளை எண்ணிப் பார்த்திருக்கும்? தளம் அமைக்கும் இளைஞர்களே, சுட்டெலியை ஒதுக்கி வைத்துவிட்டு உங்கள் பக்கத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள்!

பழைய கதையும் பழைய மருந்தும்

வரலாறு படித்தவன் என்பதால் ஒரு பழங்கதையையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் இணையக் காணொலிகள் 'ஃபிளாஷ்' என்னும் செருகு மென்பொருள் வழியாகவே ஓடின. அதன்மேல் ஒருமுறை சொடுக்கிவிட்டால் விசைப்பலகை முழுவதையும் அது பிடித்துக்கொள்ளும். புதிய தத்தலைத் திறக்கும் கண்ட்ரோல் - டி போன்ற உலாவியின் சொந்த விசைகள்கூடச் செயலற்றுப் போகும். மோசில்லா திட்டத்தின் பிழைப் பதிவேட்டில் 2001ஆம் ஆண்டிலேயே பதியப்பட்ட இக்குறை, பல ஆண்டுகள் தீராமல் இருந்தது. 2015 ஜனவரியில் யூடியூப் தன் காணொலிகளை உலாவியே நேரடியாக ஓட்டும் எச்டிஎம்எல்5 முறைக்கு மாற்றிற்று. 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் நிறுத்திக்கொண்டது.

எனவே, "ஃபிளாஷை மறுபடி நிறுவுங்கள்" என்று இன்று யாரேனும் சொன்னால் செவிசாய்க்க வேண்டாம். அப்பெயரில் இப்போது கிடைப்பவற்றை நம்பி இறக்குவது ஆபத்து. இன்றைய குரோம் உலாவி, சாளரத்தில் பார்க்கும்போது கண்ட்ரோல் - டி, கண்ட்ரோல் - டபிள்யூ போன்ற சிலவற்றை எந்தப் பக்கமும் பறிக்க இயலாதவாறு தன்னிடமே வைத்துள்ளது. ஃபயர்ஃபாக்ஸிலோ, ஒரு தளம் உலாவியின் விசைகளைப் பறிப்பதைத் தடுக்கும் அனுமதி அமைப்பு, பக்கத் தகவல் பகுதியில் இருக்கிறது.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

வாசகர்களே! உங்கள் இல்லத்தில் இத்தொல்லை நேர்ந்தால் பின்வரும் வரிசையைக் கைக்கொள்ளுங்கள். எளியதில் தொடங்கி அரியதற்குப் போவதே முறை.

1. வேறொரு செயலியில், சாதாரணக் குறிப்பேட்டில் தட்டிப் பாருங்கள். அங்கும் எழுத்து விழாவிட்டால் குறை விசைப்பலகையிலோ வடிகட்டி விசை அமைப்பிலோ உள்ளது.

2. குறிப்பேட்டில் விழுவது ஆங்கில எழுத்தா, தமிழா, அரபியா என்று நோக்குங்கள். பிற மொழியாயின் மாற்றிவிடுங்கள்.

3. காணொலியின்மேல் சொடுக்கிக் கவனத்தை அதற்குத் தாருங்கள். பதிக்கப்பட்ட காணொலியாயின் அதற்குள்ளேயே சொடுக்குங்கள்.

4. பக்கத்தை ஒருமுறை புதுப்பித்துப் பாருங்கள். மற்றத் தத்தல்களில் ஓடும் ஒலியை நிறுத்துங்கள்.

5. தனிச் சாளரத்தில் சோதித்து, நீட்சிகளின் தலையீடு உண்டா என்று அறியுங்கள்.

6. திரை படிக்கும் மென்பொருள் இருந்தால், அது எந்த நிலையில் உள்ளது என்று கேளுங்கள்.

7. இவற்றின் பின்னும் தீராவிட்டால் உலாவியைப் புதுப்பித்து, வேறோர் உலாவியிலும் முயலுங்கள். அங்கும் கேளாவிட்டால் குறை பெரும்பாலும் அந்தத் தளத்தினுடையது; அவர்களுக்கு எழுதுங்கள்.

ஒன்றைச் செய்ததும் சோதியுங்கள். பின் அடுத்ததற்குச் செல்லுங்கள். நாலைந்தை ஒருசேர மாற்றிவிட்டால் எது பலித்தது என்று தெரியாது; அடுத்த முறை மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

நிறைவாக ஒன்று. வீட்டில் முதியவரோ பிள்ளையோ பார்வை குறைந்தவரோ, "விசை வேலை செய்யவில்லை" என்று சொன்னால், "உங்களுக்குத் தெரியவில்லை, தள்ளுங்கள்" என்று பலகையைப் பிடுங்கிவிடுகிறோம். நாமே அழுத்தி, நாமே நிறுத்திக் கொடுத்துவிட்டு உதவி செய்துவிட்டதாக மகிழ்கிறோம். நம் கை அங்கே இல்லாத நாளில் அவர்கள் என்ன செய்வார்கள்? "நீங்கள் அழுத்தியபோது என்ன நடந்தது? என்ன ஒலி கேட்டது?" என்று பொறுமையாகக் கேட்டால் பாதிக் காரணம் அவர்கள் வாயிலிருந்தே வந்துவிடும். மீதியை அவர்கள் விரலாலேயே செய்யவைத்துப் பழக்குங்கள். ஒரு விசையைத் தாமே அழுத்தி, தாம் நினைத்தபடி ஓதுதல் நிற்பதைக் கேட்பவர் முகத்தில் தோன்றும் மலர்ச்சி, அதற்குச் செலவிட்ட நேரத்துக்குப் போதிய கூலி. வல்ல நாயன் நம் யாவருக்கும் அப்பொறுமையை அருள்வானாக!